காட்டாத சீட்டு

கோழிப்பண்ணை மேனேஜர் வேலுசாமி கூப்பிட்டனுப்பியபோது சுகன்யா முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அட்டைகளை அப்படியே விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

"பிளஸ்டூ படிச்சது இங்க நீ ஒருத்திதான். நம்ம ஷெட்டுப் பொம்பளைங்களுக்கு ஓட்டுப் போடறது எப்படின்னு நீதான் சொல்லிக் குடுக்கோணும்," என்றார். மேசையில் மாதிரி வாக்குச்சீட்டுகள் கிடந்தன. ஊராட்சித் தலைவர் சீட்டில் ஆட்டோ சின்னம் மட்டும் பெரிதாக அச்சாகியிருந்தது. முதலாளியின் தம்பி மனைவி அந்தச் சின்னத்தில் நின்றார்.

"சரிங்க."

"இன்னொண்ணு. முத்திரை குத்துனதும் மடிச்சிராதீங்க. நம்ம ஏஜெண்டு செங்கோடன் உள்ள உக்காந்திருப்பான். அவன் கண்ணுல படற மாதிரி காட்டிட்டு, அப்பறம் மடிச்சுப் பெட்டியில போடச் சொல்லு."

"காட்டுனா அந்தச் சீட்டு செல்லாதுங்களே. மகளிர் குழுக் கூட்டத்துல ஆபீசரு சொன்னாருங்க."

"அதையெல்லாம் யாரு பாக்கறா?" வேலுசாமி கோபப்படவில்லை. "கோகுல்ராஜ் ஓட்டற தீவன வண்டியும் பண்ணையோடது, நீங்க குடியிருக்கற ஊடும் பண்ணையோடது. அதையும் மனசுல வெச்சுக்கம்மா."

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். கோகுல்ராஜ் லாரிச் சாவியை ஆணியில் மாட்டியபடியே, "காட்டிட்டுத்தான் போயேன்," என்றான். "பையன் படிப்பு பாதியில இருக்குது. இப்பப் போயி எங்கன்னு ஊடு தேடறது?"

அவன் கேட்டதும் நியாயம்தான். ஆனால் போன கோடையில் சோத்துத் தட்டில் பண்ணை ஈ மொய்த்து, குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தபோது, மனு எழுதிக்கொண்டு நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தவள் ஊருக்குள் தையல்கடை வைத்திருக்கும் ரஞ்சிதா. மருந்தடிக்க ஆள் வந்தது அதற்கப்புறம்தான். அந்த ரஞ்சிதா இப்போது மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நிற்கிறாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெண்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளைச் சீட்டு வார்டு மெம்பருக்கு, ரோஸ் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. ஒரு சீட்டுக்கு ஒரே குத்து. கோட்டுமேல் பட்டால் யாருக்கென்று தெரியாமல் வீணாகிவிடும்.

"மை இன்னொரு சின்னத்துல ஒட்டிக்கிட்டா?" என்று கேட்டாள் ராமாத்தாள். அந்த ஷெட்டில் எல்லோருக்கும் மூத்தவள் அவள்.

"அதுக்குத்தான் மொதல்ல நெடுக்க மடிக்கோணும்க்கா. அப்பறம் குறுக்க."

கதவோரம் சாய்ந்து நின்ற வேலுசாமி, "அந்தக் காட்டற விஷயத்தையும் சொல்லிரும்மா," என்றார்.

சொன்னாள். பெண்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். அத்தனை பேரும் பண்ணை வீட்டில்தான் குடியிருந்தார்கள்.

வாக்குப்பதிவன்று பண்ணை வேனே பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுபோய் இறக்கியது. வரிசையில் சுகன்யாவை முதலில் நிறுத்தினார்கள், மற்றவர்கள் பார்த்துப் போடட்டும் என்று. பெயரைச் சரிபார்த்தார்கள், இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள், நாலு சீட்டும் முத்திரையும் கொடுத்தார்கள். ஏஜெண்டுகள் பெஞ்சில் செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அட்டை மறைப்புக்குள் மூன்று சீட்டுகளைச் சட்டென்று குத்தி மடித்துவிட்டாள். ரோஸ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆட்டோவுக்குக் குத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் கை மூக்குக்கண்ணாடியின்மேல் முத்திரையை அழுத்தியது. அப்புறம்தான் உறைத்தது. மடித்துக்கொண்டு வெளியே போனால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். தனக்குப் பின்னால் வருகிற ஒவ்வொருத்திக்கும் இதே நிலைமைதான்.

சீட்டை மடிக்காமல், எழுத்துப் பக்கம் நெஞ்சோடு ஒட்டியிருக்கும்படி பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். செங்கோடன் லேசாகச் செருமினான். அவள் தேர்தல் அலுவலர் அம்மாவைப் பார்த்து, வாசல்வரை கேட்கிற குரலில், "ஏனுங்க மேடம், இதை யாருக்காச்சும் காட்டிட்டுத்தான் போடோணுங்களா?" என்றாள்.

அலுவலர் நிமிர்ந்தார். "யாரும்மா அப்படிச் சொன்னது? ஒருத்தருக்கும் காட்டக்கூடாது. காட்டினா சீட்டை வாங்கி ரத்து பண்ணிருவேன். உள்ளேயே போய் மடிச்சுட்டு வா." பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, "ஏஜெண்டுங்க எட்டிப்பாக்கற வேலை வெச்சுக்காதீங்க," என்றார்.

வரிசையில் நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுகன்யா உள்ளே போய் நெடுக்க மடித்தாள், குறுக்க மடித்தாள், வந்து பெட்டியில் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் மடித்தே கொண்டுவந்தார்கள்.

ஊராட்சி ஆட்டோவுக்குத்தான் போனது. ஆனால் பண்ணை இருக்கிற வார்டில் கண்ணாடி முந்தியிருந்தது.

வேலுசாமி கூப்பிட்டார். "தெரிஞ்சுக்கிட்டேதான அங்க கேட்ட?"

"பயத்துல கேட்டுட்டனுங்க."

"யார் யாரு கண்ணாடிக்குக் குத்துனாங்கன்னு சொல்லிரு. முட்டை வேலையிலயே இருந்துக்கலாம்."

"தெரியாதுங்க."

அது உண்மைதான். அவர் நம்பவில்லை. மறுநாளிலிருந்து கூண்டுகளுக்கு அடியில் எரு அள்ளும் வேலை. எல்லோரையும் அனுப்பிவிட்டால் பண்ணை நடக்காது என்பதால் யார் வீட்டையும் காலி பண்ணச் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே வேலுசாமி அங்கே வந்து நின்றார். கோகுல்ராஜ் சங்ககிரி லாரி ஆபீசுகளில் வேலை விசாரித்தான். எங்கேயும் ஆள் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்தால் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

ஒரு மத்தியானம் எருவின் காரத்தில் கண் எரிந்து சுகன்யா தூணோரம் உட்கார்ந்துவிட்டாள். ராமாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி கண்ணு."

"அக்கா, நீங்க அன்னிக்கு யாருக்கு..." என்று ஆரம்பித்தாள் சுகன்யா. ராமாத்தாளின் முகம் சட்டென்று இறுகியதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுந்து மண்வெட்டியை எடுத்தாள்.