முடி கொட்டாத நாய்

முடி கொட்டாத நாய் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அம்மா லேப்ரடார், அப்பா பூடுல். தாயின் சாதுவான குணமும் தகப்பனின் சுருட்டை முடியும் சேர்ந்து வரும், மூச்சு இழுப்பு உள்ளவர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கலப்பினம் கிடையாது என்றார் விற்றவர். சொந்தப் பிள்ளைக்குப் பெண் கேட்கிறவர்கூட இவ்வளவு கூசாமல் பேசமாட்டார்.

வாங்கப் போனவளும் லேசில் நம்புகிறவள் அல்ல. இழுப்புக்காரப் புருஷனை உட்காரவைத்து, குட்டியை அவர் முகத்தோடு சேர்த்து அரைமணி நேரம் அணைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு தும்மல்கூட வரவில்லை. பரீட்சையில் குட்டி பாஸ். குட்டிக்கு இருக்கிற முடி வேறு, வளர்ந்த பிறகு வருகிற முடி வேறு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

புருஷன் பஸ் டிரைவராக இருந்தவர். இழுப்பு முற்றி வேலையை விட்டபோது, கூடவே பேச்சையும் விட்டுவிட்டார். சாப்பிடுகிறீர்களா என்றால் ஒரு ‘ம்’. உடம்பு எப்படி என்றால் இன்னொரு ‘ம்’. சுவரோடு குடித்தனம் நடத்துவதுபோல் இரண்டு வருஷம் ஓட்டினாள். நாய் வந்தது, அந்த வாய் திறந்தது. வாசலில் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் முகர்ந்து பார்த்ததால் அதற்குக் ‘கண்டக்டர்’ என்று அவரே பேர் வைத்தார். எந்த வளைவில் பிரேக் பிடிக்கவேண்டும், எந்த நிறுத்தத்தில் சில்லறைச் சண்டை வரும் என்று அதனிடம் மணிக்கணக்கில் கதை அளந்தார். அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்கும். தனியாக விட்டால் மட்டும் கதவைப் பிராண்டி ஊரைக் கூட்டும்.

ஒரு வயதை நெருங்கும்போது முடி கொட்ட ஆரம்பித்தது. சோபாவில், தலையணையில், பருப்பு டப்பாவில்கூட. அவள் மட்டும் ரகசியமாக அதைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

“ஒரே ஈத்துல நாலு அப்பா மாதிரி வரும், நாலு அம்மா மாதிரி வரும். உங்களுது அம்மா புள்ள,” என்றார் அவர். “முடியே கொட்டலேன்னாலும் எச்சில்லயும் தோல்லயும் இழுப்பைக் கிளப்புற சங்கதி இருக்கத்தான் செய்யும். ஒத்துக்காதவங்களுக்கு எந்த நாயும் ஒத்துக்காது.”

அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. வெள்ளை விரிப்புகளில் ஒரு முடி தங்கினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பசை உருளையை ஓட்டி எடுத்துவிடுவாள். அதே உருளை ஒன்றை வீட்டுக்கும் வாங்கினாள். அவர் எழுந்திருக்கும் முன் நாயை மாடிப்படியில் வைத்துச் சீவி, சோபாவை உருட்டி, தரையைத் துடைத்து, அப்புறம் வேலைக்குப் போய் அங்கேயும் நாள் முழுக்க முடி பொறுக்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. முதுகு விட்டுப்போயிற்று. ஆனாலும் மாலையில் படி ஏறும்போதே உள்ளே அவர் குரல் கேட்கும். அதற்காக எத்தனை சோபாவையும் துடைக்கலாம் என்றிருந்தது.

போன மாதம் அதே படியில் அவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “வீட்ல நாய், பூனை ஏதாவது இருக்கா?” என்றார்.

“இல்லைங்க,” என்றார் புருஷன். யோசிக்கக்கூட இல்லை.

இத்தனை வருஷத்தில் அவர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே மூச்சுத் திணறிக்கொண்டு இருந்திருக்கிறார். டாக்டர் பேனாவை எடுத்தார். இரண்டு பக்கமும் எரிகிற கொள்ளியில் மாட்டிய எறும்பின் பாடு அவளுக்கு. வாயை மூடிக்கொண்டால் பேச்சு மிச்சம். திறந்தால் ஆள் மிச்சம்.

“இருக்கு டாக்டர்,” என்றாள். “வீட்டுக்குள்ளதான் இருக்கு. முடியும் கொட்டுது.”

திரும்பும் வழியெல்லாம் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வந்து கண்டக்டரைக் கூட்டிப்போனாள். தங்கை வீட்டில் பின்பக்கம் பெரிய இடம் உண்டு. அவர் கயிற்றைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பழைய ‘ம்’ திரும்பிவந்தது. இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, அழுகை வராமலா இருந்தது?

நேற்று மாலை தங்கை போன் செய்தாள். “அக்கா, இது ரெண்டு நாளா தட்டைத் தொடல. மாமாகிட்ட குடேன், ஒரு வார்த்தை பேசட்டும். நான் இது காதுல வைக்கிறேன்.”

அவள் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

“என்னடா, ஸ்ட்ரைக்கா?” என்று ஆரம்பித்தார். மழையில் பஸ் பழுதாகி நின்ற கதையைச் சொன்னார். பயணிகள் இறங்கித் தள்ளியதைச் சொன்னார். நடுவில் சிரித்தார். அரிசி வெந்து, வடித்து, கரண்டியைக் கழுவிவைத்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. இவ்வளவு நேரத்தில் ஒரு இருமல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவர் எழுந்து வந்து போனை நீட்டினார்.

“சாப்பிட்டுச்சாங்க?” என்று கேட்டாள்.

“ம்,” என்றார்.