கிளிஞ்சல்மேட்டு ‘குட்’

‘குட்’ என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்த அப்பாவி நான். காரைக்கால் பக்கத்து மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் அதற்கு ஒரு மாதம் பிடித்தது. அப்படியும் தோற்றுத்தான் போனேன்.

அது 2007. சுனாமிக்குப் பிறகு கட்டிய சமுதாயக் கூடத்தில், மீன் விற்கும் பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் இங்கிலீஷ் வகுப்பு நடத்தியது. குரும்பகரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து பாடம் எடுத்தேன். பி.ஏ. முடித்திருந்தேன். வேலை இருக்கும்வரைதான் வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய காரணம், நந்தினியாக இருந்த என்னை முதன்முதலில் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டவர்கள் இவர்கள்தான். இந்த வகுப்பை விட்டுவிட எனக்கு மனசே வரவில்லை.

“உங்களுக்கு எதுக்குங்க இங்கிலீஷு?” என்று முதல் நாளே கேட்டேன்.

அஞ்சுகம்தான் பதில் சொன்னாள். அன்னக்கூடையில் சங்கரா மீனோடு காரைக்கால் தெருக்களைச் சுற்றுகிறவள். வகுப்பில் எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிறவளும் அவளே. “வெளிநாட்டுக்காரங்க வந்து சுனாமியில என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க டீச்சர். நாங்க அழுது அழுது சொன்னதெல்லாத்தயும் கூட வந்தவரு இங்கிலீஷுல ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டாரு. இனிமே யாரு வந்தாலும் நாங்களே பேசிக்கிறோம்.”

இப்படி ஒரு காரணத்தைக் கேட்ட பிறகு அரைகுறையாகப் பாடம் நடத்த முடியுமா? குட், நைஸ், ஃபைன், சூப்பர், எக்ஸலன்ட் என்று போர்டு நிறைய எழுதினேன். எது எப்போது வரும், எது கொஞ்சம் நல்லது, எது ரொம்ப நல்லது என்று தொண்டை வலிக்க விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சரி, வாக்கியம் சொல்லுங்கள் என்றேன்.

“இன்னைக்குப் பாடு எப்படி?” கடலில் கிடைத்த மீனைப் பாடு என்பார்கள்.

“நாட் குட்” என்றாள் அஞ்சுகம். கூடை வழிய வழிய வஞ்சிரம் வந்த நாள் அது.

“உங்க பையன் எப்படி?”

“நாட் குட் பாய்.” பையன் வாசலில் கொழுகொழுவென்று நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

சொர்ணாம்பாளைக் கேட்டேன். புது ஃபைபர் படகு, நாட் குட். மருமகள், நாட் குட். அதைச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். மருமகளும் சிரித்தாள்.

குட் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தாமல் இல்லை. பஸ் குட். போஸ்ட் ஆபீஸ் வெரி குட். பாண்டிச்சேரி எக்ஸலன்ட். தங்களுக்கென்று இருக்கிற எதையும் வாயால் நல்லதென்று சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். சொன்னால் கண் பட்டுவிடும். திருஷ்டி எங்கள் ஊரிலும் உண்டு. ஆனாலும் நாங்கள் விளைந்த நெல்லைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்கிறவர்கள்தான். கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரி அலுவலகத்திலிருந்து இளையபெருமாள் வந்தார். வகுப்பைத் தொடர்வதா, மூடுவதா என்று அவர்தான் எழுத வேண்டும். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் ஃபைல். நாற்காலியில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் இங்கிலீஷில் கேட்டார், உங்கள் டீச்சர் எப்படி என்று.

அஞ்சுகம் எழுந்து நின்று, ஒரு எழுத்து பிசகாமல், அழகான உச்சரிப்பில் சொன்னாள்.

“மை டீச்சர் இஸ் நாட் குட்.”

“நாட் குட்” என்றாள் சொர்ணாம்பாள். கூடமே ஆமோதித்தது.

தொலைந்தோம் என்று நினைத்த அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. பையன், படகு, மருமகள், அந்த வரிசையில் இப்போது நானும் இருக்கிறேன். வேலை போகப்போகிற நேரத்தில் இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

இளையபெருமாள் பேனாவைத் திறந்தார். நான் பதறிக்கொண்டு விஷயத்தை விளக்கினேன். அவர் நிமிரக்கூட இல்லை.

“நல்லா சமாளிக்கிறீங்கம்மா” என்றார். ஆனாலும் என்ன தோன்றியதோ, அவர்கள் பக்கம் திரும்பினார். “எனக்கு முன்னாடி இங்க கோவிந்தராசுன்னு ஒரு சார் வந்தாரே, அவர் எப்படி?”

“வெரி குட் சார்!” என்று கூடம் முழுக்க ஒரே குரல். “நைஸ் சார்!” “எக்ஸலன்ட் சார்!” போர்டில் நான் எழுதிய அத்தனையும் அந்த மனிதருக்கே போய்ச் சேர்ந்தது.

இளையபெருமாளின் பேனா நின்றது. ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வராமலே சம்பளம் வாங்கிய கோவிந்தராசுவை வேலையை விட்டுத் தூக்கியவர் இவரேதான். என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஆசையாகக் கேட்டார்.

“அப்போ நான் எப்படி?”

“வெரி குட் சார்!”

மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. அஞ்சுகத்துக்கே பாவமாகப் போயிற்று. “மொத தடவ வந்திருக்கீங்க, வீட்டுல ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க சார்” என்று கையோடு அழைத்துப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஃபைலில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லையே!

பாய் விரித்து, சோறு போட்டு, வஞ்சிரக் குழம்பு ஊற்றினாள். மூன்றாவது முறையாகக் குழம்பு வாங்கிக்கொண்டபோது, இந்த ஊர்ப் பாடம் தனக்குப் புரிந்துவிட்டதைக் காட்ட ஆசைப்பட்டார் இளையபெருமாள். விரலை நக்கிக்கொண்டே, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, “கொழம்பு நாட் குட்” என்றார்.

அஞ்சுகம் கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

“என்னது? என் கொழம்பு நல்லால்லையா?”

“இல்லம்மா, நீங்க சொல்ற மாதிரிதான்...”

“நாங்க சொல்லுவோம். எங்க சட்டி, எங்க கொழம்பு. நீங்க யாரு சார் அத நல்லால்லங்கறதுக்கு?”

“குட்டும்மா, வெரி குட்டு” என்றார் அவர் அவசரமாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அஞ்சுகம் சிரிக்கவில்லை. பாயில் கிடந்த ஃபைலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“டீச்சருக்கும் அதேதான். எங்க டீச்சர நாங்க சொல்லுவோம். நீங்க ஒருத்தரும் சொல்லக் கூடாது. கையக் கழுவிட்டு வந்து குட்டுன்னு எழுதுங்க.”

“எழுதினா கண்ணு படாதா?” என்று கேட்டார், பாதிப் பயத்தோடு.

“எழுதுங்க சார். திருஷ்டிய நான் சுத்திப் போட்டுக்கறேன்.”

அவர் கையைக் கழுவி, ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து எழுதினார். அஞ்சுகம் ஃபைலைத் தன் பக்கம் திருப்பி, அந்தச் சொல்லை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு உப்பையும் மிளகாயையும் எடுக்க அடுப்படிக்குப் போனாள்.