ஏழாம் எண் கதவு

டிரைவரக்கா மூன்றாவது தடவையாக டேப்பை இழுத்து அளந்தாள். வாசற்படியிலிருந்து பின்சுவர் வரை நாற்பத்திரண்டு அடி. அவளுடைய கிரயப் பத்திரத்திலோ முப்பத்தாறு என்றிருந்தது. நாற்பத்திரண்டு என்ற சரியான கணக்கு, காலையில் வந்த வக்கீல் நோட்டீஸில்தான் இருந்தது.

அதே வரிசையில் மறுகோடிப் பக்கம் குடியிருக்கும் அச்சகக்காரர் அனுப்பிய நோட்டீஸ் அது. 'மூன்றாம் எண் வீடு என் கட்சிக்காரருடையது. அதில் உரிமையின்றிக் குடியிருக்கும் நீங்கள் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.' அவள் கதவில் ஏழு என்று எழுதியிருந்தது. மூன்று என்று எழுதியிருந்தது அச்சகக்காரரின் சொந்தக் கதவில்தான். ஆனால் நோட்டீஸில் சொன்ன அளவும் எல்லையும் அச்சு அசலாக அவள் வீட்டுக்குத்தான் பொருந்தின. அவர் பத்திரமும் பதிவானது, அவள் பத்திரமும் பதிவானது. ஒரே வீடு இருவருக்கு எப்படிப் போகும்? அவளுக்கு மண்டை காய்ந்தது.

பள்ளிக்கூட பஸ் ஓட்டி, லீவு நாளில் கல்யாண வேனும் ஓட்டிக் கட்டிய மாடி அது. டேப்பைச் சுருட்டக்கூட இல்லை, அப்படியே நேராக அச்சகத்துக்குப் போனாள்.

"என்ன சார் இது? என் வீட்டை என்னையே காலி பண்ணச் சொல்றீங்க?"

அச்சகக்காரர் மை படிந்த விரலைத் துணியில் துடைத்தார். "நான் எங்கம்மா சொன்னேன்? பத்திரம் சொல்லுது. போன மாசம் மாடி கட்டலாம்னு சர்வேயரைக் கூப்பிட்டேன். மூணாம் நம்பர் மனை இங்க இல்ல, தெரு வளையற அந்தக் கோடிலேருந்து மூணாவது வீடுதான்னாரு அவரு. எனக்கே இப்பதான் தெரியும்."

"தெரிஞ்சதும் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இப்பத்தான் சொல்லியிருக்கேனே, வக்கீல் மூலமா."

"நான் கட்டின மாடி?"

"அது உங்க இஷ்டம். நானா கட்டச் சொன்னேன்? எனக்கும் கட்டுற செலவு மிச்சம்." சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார்.

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுள்ளென்று ஏறியது. "இந்த வயித்தெரிச்சல் உங்களைச் சும்மா விடாது," என்று கத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள். கத்தினால் வீடு நிற்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

நடுவில் ஐந்தாம் எண்ணில் இருக்கும் நர்ஸ் அவளைக் கைபிடித்து உட்காரவைத்தாள். "முதல்ல தண்ணியக் குடிங்கக்கா. என் பத்திரத்தையும் பாக்கலாம்." பார்த்தார்கள். அளவு, எல்லை எல்லாம் நர்ஸின் வீட்டோடு கச்சிதமாகப் பொருந்தின. எட்டாம் எண் பேக்கரிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் பத்திரத்தில் இருந்ததோ இரண்டாம் எண் கதவுள்ள வீட்டின் அளவு.

"அப்ப எனக்கு மட்டும் எப்படி சரியா இருக்கு?" என்றாள் நர்ஸ்.

"நீ நடுவுல இருக்கியே. எந்தப் பக்கத்துலேருந்து எண்ணினாலும் நீ அஞ்சுதான்," என்றார் பேக்கரிக்காரர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கதவு எண் ஒரு கோடியிலிருந்து, பத்திர எண் மறுகோடியிலிருந்து!

மறுநாள் வீடுகளைக் கட்டி விற்ற காண்டிராக்டரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவர் மனை வரைபடத்தை மேஜையில் விரித்தார். தாளின் மேல் ஓரத்தில் ரோடு, அதற்குக் கீழே ஒன்பது மனைகள், இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஒன்பது வரை.

"நீங்க எப்படி எண்ணினீங்க?" என்றாள் டிரைவரக்கா.

"ரோட்டுல நின்னு, வீட்டைப் பாத்து, இடது பக்கத்துலேருந்து…"

அவள் தாளை அப்படியே சுற்றி, ரோடு அவர் வயிற்றுப் பக்கம் வரும்படி வைத்தாள். இப்போது அவருடைய இடது ஓரத்தில் ஒன்பது இருந்தது. ரோட்டில் நிற்கிறவனுக்கு வரைபடம் இப்படித்தான் தெரியும். அவர் தாளைத் திருப்பாமலே எண்ணி, ஒன்பதில் ஒன்று என்று பெயின்ட் அடித்து, அதே வரிசையில் சாவியும் கொடுத்துவிட்டார். பத்திரம் வரைபடப்படி, குடித்தனம் பெயின்ட்படி.

"பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறப்ப நான் இப்படி இடது வலது மாத்தினா எத்தனை பிள்ளைங்க சாகும் தெரியுமாய்யா உமக்கு?" என்றாள். காண்டிராக்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

டிரைவரக்கா பார்த்துவைத்த வக்கீலம்மாவின் அறையில் ஒன்பது வீட்டுக்காரர்களும் கூடினார்கள். அச்சகக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "எது எப்படியோ, எழுத்துல இருக்கிறதுதான் செல்லும்," என்றார்.

"சரி," என்றாள் டிரைவரக்கா. "எழுத்துப்படியே போவோம். உங்க பக்கத்து வீடு, ரெண்டாம் நம்பர், யாருது?"

"எங்க அண்ணனுது."

"எழுத்துப்படி அது பேக்கரிக்காரருது. உங்கண்ணன் லிஃப்ட் வெச்சு ரெண்டு மாடி கட்டியிருக்காரே, அதுவும் சேத்து. மழைக்கு ஒழுகற பேக்கரிக்காரர் வீடு உங்கண்ணனுக்கு."

பேக்கரிக்காரர் குஷியாக நிமிர்ந்தார். "லிஃப்டுல போய்ப் படுத்துக்கறதுக்கு எனக்கொண்ணும் ஆட்சேபம் இல்ல."

அண்ணன்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "டேய்! உன் பேராசைக்கு என் வீட்டைக் காவு குடுக்கறியா? நோட்டீஸ் அனுப்பறதுக்கு முந்தி கூடப்பொறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"அண்ணே, அது வேற, இது…"

"என்னடா வேற? வாயை மூடு!"

வக்கீலம்மா மேஜையைத் தட்டினார். "வழக்குன்னு போனாலும் நீங்க ஜெயிக்க மாட்டீங்க சார். பத்திரம்னா என்ன? ரெண்டு பேர் பேசி முடிச்ச பேரத்தோட பதிவு. நீங்க பாத்து, பிடிச்சு, சாவி வாங்கினது மூணுன்னு எழுதின கதவுள்ள வீட்டைத்தான். எழுத்து தப்புன்னா கோர்ட்டு எழுத்தைத்தான் திருத்தும், ஆளை நகர்த்தாது."

அச்சகக்காரர் அண்ணனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

"மன்னிப்பு கேட்டாத்தான் பேனா தருவேன்," என்றாள் டிரைவரக்கா. அவர் ஏதோ முணுமுணுத்தார். "சத்தமா," என்றாள். கேட்டார். கேட்டும் அவள் கோபம் துளிகூடத் தணியவில்லை. பேனாவை மேஜைமேல் எறிந்தாள்.

தீர்வு எளிதுதான். நர்ஸின் பத்திரத்தைத் தொட வேண்டியதில்லை. மற்ற எட்டுக்கும் ஆளுக்கொரு பிழைதிருத்தல் பத்திரம் வேண்டும். விற்றவர் என்ற முறையில் காண்டிராக்டரும், வாங்கியவர் என்ற முறையில் வீட்டுக்காரரும் அதில் கையெழுத்திட வேண்டும். மனை எண், அளவு, நாற்புற எல்லை ஆகிய மூன்றையும் அவரவர் குடியிருக்கும் வீட்டுக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும். ஒருவர் மட்டும் திருத்தினால் ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரம் ஆகிவிடும் என்பதால், எட்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பதிய வேண்டும். செலவு முழுவதும் காண்டிராக்டருடையது. அப்படியே பதிந்தார்கள். டிரைவரக்காவின் புதிய பத்திரத்தில் மனை எண் மூன்று, நீளம் நாற்பத்திரண்டு அடி என்று இருந்தது.