சிவப்பு மூடி

துரைக்கண்ணுவுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து ஏழு வருடம் ஆகிறது. கோலியனூர் வீட்டிலேயே, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மனைவி இளவரசி தினமும் மூன்று தடவை சர்க்கரைத் தண்ணீர்ப் பையை ஏற்றுவாள். சில மணி நேரம் கழித்து வடித்தால் கழிவும் மிச்ச நீரும் அதோடு வந்துவிடும். முகக்கவசம், ஃபேனை நிறுத்துவது, முழங்கை வரை சோப்பு என்று எதையும் அவள் விட்டதில்லை. கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

அன்று திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"வயித்து உள்ஜவ்வு கெட்டுத் தடிச்சுப்போச்சுங்க. ஏத்துற சர்க்கரை சீக்கிரமா ரத்தத்துல கலந்துடுது, தண்ணிய இழுக்க மாட்டேங்குது. வருஷக்கணக்கா போட்டா கொஞ்சம் கெடும்தான். இவ்ளோ கெடணும்னா சர்க்கரை கூடின காட்டமான பை நிறைய போட்டிருக்கணும், இல்ல கிருமி அடிக்கடி போயிருக்கணும். இனிமே வாரம் மூணு தடவ விழுப்புரம் போய் மிஷின்லதான் ரத்தத்த சுத்தம் பண்ணணும்."

நர்ஸ் அமலா நோட்டைப் புரட்டினாள். எந்தப் பை போட்டது என்று துரைக்கண்ணு தினமும் எழுதி வந்த நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் சர்க்கரை குறைந்த மஞ்சள் மூடி, மஞ்சள் மூடி. காட்டமான சிவப்பு மூடிப் பை ஒன்றுகூட இல்லை. அவள் பார்வை இளவரசியிடம் போனது.

"அக்கா, கைய ஒழுங்கா கழுவுறீங்களா? மறைக்காம சொல்லுங்க."

"கழுவாம ஒருநாளும் தொட்டதில்லம்மா," என்ற இளவரசி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டிய மகானுபாவர் துரைக்கண்ணு கூரை ஃபேனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் வீங்கினால் மட்டும் போடச் சொல்லிக் கொடுத்தவை அந்தச் சிவப்பு மூடிப் பைகள். ஒருநாள் போட்டுப் பார்த்தார். தண்ணீர் கூடுதலாக வடிந்தது. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்கடியில் நீர் தேங்கினால் வடிகாலை அகலமாக வெட்டிவிடுகிற மனிதர், வயிற்றுக்கும் அதே வைத்தியம் பார்த்தார். அந்தத் தைரியத்தில் ஆடி மாதக் கூழ் இரண்டு சொம்பு, வெயிலுக்கு மோர். டாக்டர் சொன்ன தண்ணீர் அளவெல்லாம் காற்றோடு போயிற்று. பை கொண்டுவருகிறவரிடம் தனியாகப் போன் போட்டுக் கூடுதல் பெட்டி கேட்பார். இளவரசி களையெடுக்கப் போனதும், அவள் ஏற்றிவிட்டுப் போனதை வடித்துவிட்டுச் சிவப்பை ஏற்றிக்கொள்வார். காலிப் பை எருக்குழிக்குள் போய்விடும்.

சாயங்காலம் அவள் வந்து வடிப்பாள். "இன்னிக்கி நல்லா வடிஞ்சிருக்கு மாமா," என்று முகமெல்லாம் சிரிப்பாள். நாலு வருடம் அந்தச் சிரிப்பைத் தின்றிருக்கிறார். வாயைக் கட்டத் தெரியாதவன் என்று பெயர் வந்துவிடுமே என்ற வெட்கத்தில் மறைத்தது, இப்போது அதைவிடப் பெரிய வெட்கமாகிவிட்டது.

விழுப்புரம் பஸ்ஸில் இளவரசிதான் முதலில் பேசினாள். "எங் கையாலதான் கெட்டுச்சு. போன வருஷம் ஒருக்கா வடிச்ச தண்ணி கலங்கலா வந்துச்சே, அப்பவே நான் உஷாராயிருக்கணும்."

விக்கிரவாண்டி தாண்டும்போது அவரால் தாங்க முடியவில்லை.

"நீ இல்ல, நாந்தான். நீ கொல்லைக்குப் போனதும் சிவப்பு மூடி போட்டுக்கினு இருந்தேன். நோட்டுல பூரா பொய்தான் எழுதினேன்."

அவள் ஜன்னல் பக்கமிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"இத்த அங்கியே சொல்லியிருக்கலாம்ல? அந்தப் பொண்ணு என்னக் கேக்கும்போது பக்கத்துலதான குந்திக்கினு இருந்த?"

அவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அமலாவுக்குப் போன் போட்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் போட்ட கூச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கூழ், மோர், எருக்குழி, பொய் நோட்டு, ஒன்றையும் விடவில்லை. வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவருக்கு.

அமலா முழுவதையும் கேட்டாள். பிறகு, "அக்காகிட்ட போனக் குடுங்க, நான் மன்னிப்பு கேக்கணும்," என்றாள்.

அவர் போனை நீட்டினார். இளவரசி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

"கை கழுவல, அதான் போனத் தொடலன்னு சொல்லு," என்றாள்.