பச்சை விளக்கு

செங்கல்பட்டில் முதலாண்டு மருத்துவம் படிக்கும் தேவேந்திரனுக்கு, உடலியங்கியல் வகுப்பில் காட்டிய வண்ணப் புள்ளிகளுக்குள் எந்த எண்ணும் தெரியவில்லை. "உனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியல. இது அம்மா வழியா வர்றது," என்றார் ஆசிரியை.

அவனுக்கு மாயவன் மாமாவின் நினைவு வந்தது. இரவில் அவர் ஓட்டிய படகு, சிவப்பு விளக்கு எரிந்த எதிர்ப்படகில் மோதித்தான் அப்பா செத்தார். "பச்சை வெளக்குதான் தெரிஞ்சுது" என்று அவர் கதறியும், குடிபோதை என்று சொல்லி அம்மா தன் தம்பியான அவர் முகத்தில் விழிப்பதில்லை.

அன்றே கடப்பாக்கம் போய் மாமாவிடம் அந்தப் புள்ளிப் படத்தைக் காட்டினான்.

"இன்னாடா, வெறும் புள்ளியா கீது?"

அவரை வீட்டுக்கு இழுத்துவந்தான். சிவப்பு விளக்கு மாமாவுக்குப் பச்சையாகத் தெரிந்ததையும், தனக்கும் அதே குறை என்பதையும் அவன் சொன்னதும் அம்மா கேட்டாள்:

"அப்ப இது எங்கிட்டயும் கீதா?"

மாமா வாசற்படி ஏறவில்லை. "நானே என்னிய நம்பலக்கா," என்று அழுதார்.