முப்பத்தேழாவது சிரிப்பு

1

இந்தக் கதையை எழுதுகிறவனுக்கு 'நான்' என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் 'அவன்' என்றே போகட்டும். கதை பிறந்த இடம் ஒரு பொத்தான். சிரிக்கிற மஞ்சள் முகம் போட்ட பொத்தான். அவன் அதை ஒருமுறை அழுத்தினான், அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு குற்றமா என்பீர்கள். அவனும் ஆறு மாதமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

2

முதல் தொடக்கம்: 'பராமரிப்பாளர் பிறவியிலேயே கொடுமைக்காரர், அவரைப் பார்த்தாலே...'

வேண்டாம். (அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நூலகங்கள் புத்தகம் கொடுத்து வாங்குவதற்கான ஒரு மென்பொருளை ஒன்பது வருடமாகச் சம்பளமில்லாமல் கட்டிக்காக்கிறவர். யார் வேண்டுமானாலும் அதை இயக்குகிற நிரலின் வரிகளைப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். சேர்ப்பதும் தள்ளுவதும் அவர் கையில். இப்படி அவருக்குப் பரிந்து பேசுவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானோ என்று எழுதுகிறவனுக்கே சந்தேகம்.)

இரண்டாம் தொடக்கம்: 'தன் பெயருக்குப் பக்கத்தில் குருவிப் படம் வைத்த ஒருத்தி...'

ஒருத்தியா, ஒருவனா? தெரியாது. குருவி என்றே வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி நாளில் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை அந்த மென்பொருள் கொடுக்காததாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யக் குருவி நான்கு வரி நிரல் அனுப்பியது. எழுதிய விதம் கோணல்மாணல்தான். ஆனால் வேலை செய்தது.

எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் பராமரிப்பாளர் பதில் போட்டார்: "இதைக் கையால எழுதினீங்களா, காலால எழுதினீங்களா? முதல்ல எங்கயாவது போய்ப் படிச்சிட்டு வாங்க. எங்க உயிரை வாங்காதீங்க."

கீழே முப்பத்தாறு சிரிப்பு. அவன் போட்டது முப்பத்தேழாவது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா தனியா சிரிக்கிற?" என்றார். "சும்மா" என்றான்.

"மன்னிச்சிடுங்க. இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று குருவி எழுதியது. அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

3

நான்கு மாதம் கழித்துக் கோளாறு சரியானது. என்ன மாறியிருக்கிறது என்று அவன் திறந்து பார்த்தான். அதே நான்கு வரி, இடைவெளி மட்டும் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. இந்த வேலையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர் நிற்கும். காசில்லாத வேலைக்கு அந்தப் பெயர்தான் கூலி. அங்கே பராமரிப்பாளர் பெயர் நின்றது.

பார்த்தான். மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனான்.

4

அவனுடைய அக்கா நூலகர். அவள் நூலகத்திலும் அதே மென்பொருள்தான்.

"போன வருஷம் ஒரு பெரியவர்டா. மாசக் கடைசி நாள் கரெக்டா கொண்டுவந்து குடுத்தவரு. புத்தகம் வரலைன்னு நாங்க கடிதம் அனுப்பிட்டோம். 'என்னைத் திருடன்னு நினைச்சிட்டீங்களா'ன்னு மேசை முன்னாடி நின்னு அழுதுட்டாரு. இப்ப அந்தத் தொல்லையே இல்ல. யாருடா சரி பண்ணது? ரெண்டு வார்த்தை நன்றி எழுதணும்."

"பராமரிக்கிறவர்தான்க்கா."

நாக்கு கூசாமல் சொன்னான். நன்றி எழுதப் போன அக்கா அந்தப் பக்கத்தின் பழைய பதில்களையும் சேர்த்துப் படித்துவிட்டாள். உடனே போன் வந்தது.

"டேய், அந்தக் குருவி எழுதினதுதானே இது?"

அவன் அவசரமாக அந்தப் பக்கத்தைத் திறந்தான்.

"கீழ சிரிச்சவங்கள்ல உன் பேரும் இருக்கு."

"அது சும்மாக்கா..."

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு அக்கா வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

5

ஒரு முடிவு: பராமரிப்பாளர் மனம் மாறி, குருவியைத் தேடி... (தான் செய்ய வேண்டியதை அடுத்தவர் தலையில் கட்டுகிற வேலை. அடித்தாயிற்று.)

இன்னொரு முடிவு: குருவி வேறெங்கோ போய்ப் பெரிய ஆளாகி... (அடிபட்டவர் ஜெயித்து வந்து அடித்தவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமாக்கும்! இதையும் அடித்தாயிற்று.)

நடந்தது இதுதான். இன்று காலை அவன் அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தித் தன் சிரிப்பை எடுத்துவிட்டான். எண் முப்பத்தாறு ஆனது. யாருக்கும் தகவல் போகாது, தடயமும் இல்லை. நல்லவனாக எழுந்து போகலாம். சீ என்று இருந்தது. செய்ததை மறைக்கக் கூடாது என்று திரும்பவும் அழுத்தினான். முப்பத்தேழு. இப்போது குருவியைப் பார்த்து இரண்டு முறை சிரித்தவன் அவன் ஒருவன்தான்.

கீழே பதில் எழுதும் பெட்டி. அதில் தட்டியிருக்கிறான்: 'இந்த நான்கு வரி குருவியுடையது. பெயரை மாற்றுங்கள். அன்று நானும் சிரித்தேன்.' அனுப்பினால் அந்தப் பக்கத்தில் என்ன பதில் வரும், எத்தனை மஞ்சள் முகம் விழும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

முடிவு உங்கள் கையில் என்று சொல்லி நழுவத்தான் ஆசை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், அதை அனுப்பியிருந்தால் அவன் இந்தக் கதையை எழுத உட்கார்ந்திருப்பானா?