பிரசவ வார்டின் நீல அட்டை நோட்டு

மருந்துக்கடைக்காரருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எந்த டாக்டர் கிறுக்கினாலும் படித்துவிடுவார். சீட்டு எழுதிய டாக்டரே தான் எழுதியது புரியாமல் இவருக்குப் போன் போட்டுக் கேட்ட கதை ஒன்று உண்டு. கேட்காதவர்களிடம்கூட அதைச் சொல்வார். அப்பேர்ப்பட்டவர் பதினோரு செவ்வாய்க்கிழமைகளாக ஒரே ஒரு நோட்டிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. மற்றவர்களென்றால் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுப்பார்கள். இவர் பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த பழைய பதிவறைக்குப் போய், தூசியில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் அம்மாவுக்காக.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. வெள்ளிக்கிழமை காலையில் இதயத்தில் ஆபரேஷன். அந்த வயதில் கத்தி வைத்தால் எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அம்மா அதற்குக்கூடப் பயப்படவில்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு.

இவர் பிறப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பிரசவம் நடந்திருக்கிறது. ஐம்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு மழைக்காலம். தேதியும் மாதமும் அம்மாவுக்கு நினைவில்லை. மாடிப்படியில் வலி வந்து மயங்கி விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அப்பா பக்கத்தில் இருந்தார். “நான்தான் தூக்கிட்டு வந்தேன். குழந்தை தங்கல” என்றார். ஆணா பெண்ணா என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அப்பாவும் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது.

“பையனா பொண்ணான்னுகூடத் தெரியாமப் போயிருவேனோடா” என்று ஆபரேஷன் பேச்சு வந்த நாளில் அம்மா கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த அலைச்சல்.

தேதியைக் கறக்கலாம் என்று அவளிடம் உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கோ போகும்.

“மாடில நாங்க, கீழ தையல்காரி. அவளுக்கு உடம்பு முழுக்கத் திமிரு. நீ பொறந்ததும் ஆசையா அவ மடில வைக்கப் போறேன், ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா. உடுப்புல ஊசி இருக்கு, குத்திரும்னு சாக்கு வேற. ஒரு நாளாவது உன்னைத் தூக்கியிருப்பாளா? அன்னைக்கு விட்டதுதான் அவளோட பேச்சு. பதினோரு வருஷம் ஒரே படிக்கட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டே ஏறி இறங்குனேன்.”

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் தையல்காரி செத்தபோதுகூட அவர்தான் தனியாகப் போய்வந்தார். அம்மா வீட்டைவிட்டு அசையவில்லை.

“அம்மா, தையல்காரிய விடு. தேதியச் சொல்லு.”

“தேதி தெரிஞ்சா உன்னை எதுக்குடா கேக்குறேன்?”

சரி, நோட்டையாவது பிடிப்போம் என்று பார்த்தால், அது அதைவிட மோசம். நீல அட்டை போட்ட தடிமனான பதிவேடு. இடது பக்கத்தில் எண், தேதி, பெயர். வலது பக்கத்தில் குறிப்பு. அந்த மழைக்காலத்து நான்கு மாதங்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அம்மாவின் பெயர் ஒன்பது இடத்தில் இருந்தது. ஒன்றுகூட அவளில்லை. ஒருத்திக்கு இரட்டைக் குழந்தை, இன்னொருத்திக்கு அது ஏழாவது பிரசவம். நடுநடுவே ஆண்பிள்ளைப் பெயர்கள்.

“என்ன சார் இது, பால்காரர்னு எழுதியிருக்கு. பால்காரருக்கா பிரசவம்?”

பதிவறைக்காரர் தூசிக்குப் பயந்து மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டிருப்பார். பேசினால் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். “பால்காரர் சம்சாரம்னு அர்த்தம் சார். அந்தக் காலத்துல புருஷன் பேருதான்.”

அப்பாவின் பெயரையும் தேடினார். அதுவும் இல்லை. பார்த்து முடித்த வரிக்கெல்லாம் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டார், அதற்குப் பதிவறைக்காரரிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார். இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெயர் பொருந்தாத வரிக்கு அவர் வலது பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தவர் வியாதியைப் படிப்பது மருந்துக்கடைக்காரனுக்கு அழகில்லை என்பது அவருடைய கொள்கை. முப்பது வருடமாகக் காப்பாற்றி வந்த கொள்கை, சரியான நேரத்தில் காலை வாரியது.

பதினோராவது செவ்வாயும் வெறுங்கையோடு போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து செருப்பை விட்டெறிந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. கடையைத் திறந்ததும் ஒரு பெண் வந்து நின்றாள்.

“அண்ணே, எங்க மாமியாருக்குக் கண்ணு மருந்து சொல்லிவச்சிருந்தோம். வந்திருச்சா?”

கடையில் இல்லாத மருந்தை யாராவது கேட்டால் எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. மாமியாரின் பெயரைக் கேட்டுத் தேடினார். இல்லை. மருமகளின் பெயரிலும் இல்லை. ஏற்கெனவே மண்டை காய்ந்து இருந்தவருக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்தது.

“நல்லா யோசிச்சுப் பாரும்மா. வேற கடையில சொல்லியிருப்பீங்க.”

“இல்லண்ணே, இங்கதான். பக்கத்து வீட்டு பெயிண்டர்தான் வந்து சொன்னாரு.”

“அதை முதல்ல சொல்லக்கூடாதா!” என்று சீறிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். அவர் கையெழுத்தில் அழகாக இருந்தது: பெயிண்டர், கண் சொட்டு மருந்து, இரண்டு. நோயாளியா கடைக்கு வருகிறார்? வந்து நிற்பவரைத்தானே எழுத முடியும்? முப்பது வருடமாக அவர் அப்படித்தான் எழுதிவருகிறார்.

விரல் அந்த வரியிலேயே நின்றது. பால்காரர்.

மருந்தைக் கொடுத்தாரோ, கையில் திணித்தாரோ, அடுத்த நிமிடம் ஷட்டரை இழுத்து மூடினார்.

பதிவறைக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “சார், இன்னைக்கு புதன். வெளி ஆளுங்களுக்குச் செவ்வாய் மட்டும்தான்.”

“நாளை மறுநாள் எங்க அம்மாவை மேசைல படுக்க வைக்கிறாங்க. அவங்ககிட்டப் போயி செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்லவா?”

மனிதர் வழிவிட்டார். இவர் மூச்சு வாங்க, தான் நினைத்ததைச் சொன்னார். பதிவறைக்காரர் பஞ்சைச் சரிசெய்துகொண்டு தலையாட்டினார்.

“இருக்கலாம் சார். இது வாசல்ல இருந்த நோட்டு. குழந்தை பொறந்தா வெளிய காத்திருக்கிறவங்களைத்தானே கூப்பிடணும்? உள்ள வலில கத்துறவளையா கூப்பிடுவாங்க?”

“இதை ஏன்யா பதினோரு வாரமாச் சொல்லல?”

“நீங்க நோட்டைக் கேட்டீங்க, எடுத்துக் குடுத்தேன். யாரு நோட்டுன்னு கேக்கலையே சார்.”

அந்த மனிதரை என்ன செய்தால் தகும் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார், இம்முறை வலது பக்கத்தையும் சேர்த்து. கொள்கை கிடக்கட்டும். இரண்டாம் மாதத்தின் நடுவில் இருந்தது அந்த வரி. பெயர் கட்டத்தில் ‘தையல்காரி, கீழ்வீடு’. பக்கத்தில் அவரே வைத்த பென்சில் புள்ளி. அம்மா பெயரையும் அப்பா பெயரையும் மட்டுமே தேடிய கண் அதைத் தாண்டிப் போயிருந்தது.

வலது பக்கத்தில் நர்ஸின் கையெழுத்து, டாக்டர்களுடையதைவிட எவ்வளவோ தெளிவு. ‘மாடிவீட்டுப் பெண். படியில் விழுந்தவளைக் கொண்டுவந்தார். தாய்க்கு நினைவில்லை. கணவர் வெளியூர் வேலையில். மூன்றாம் நாள் வந்தார். பெண் குழந்தை, உயிருடன், எடை மிகக் குறைவு. பிறப்பு காலை எட்டரை. இறப்பு மாலை ஐந்தே முக்கால். கொண்டுவந்தவர் அதுவரை குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை.’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். படிக்கச் சிரமமே இல்லாத எழுத்து.

வீட்டில் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை மூன்றாவது முறையாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“பொண்ணும்மா.”

அம்மா மடித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். “உசுரோட பொறந்துச்சா?”

“ஒன்பதேகால் மணி நேரம் இருந்திருக்கு.”

“உங்க அப்பா தூக்குனாரா?”

“அப்பா ஊர்லயே இல்லம்மா. மூணாம் நாள்தான் வந்திருக்காரு. உன்னைக் கொண்டுபோனது தையல்காரி. குழந்தை கடைசிவரைக்கும் அவங்க மடிலதான் இருந்திருக்கு.”

அம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். “படுபாவி! பதினோரு வருஷம் ஒரே வாசல்ல நின்னாளே, ஒரு வார்த்தை வாயத் திறந்தாளா? நான் அவகிட்ட என்ன சொத்தையா எழுதிக் கேட்டிருப்பேன்? உங்க அப்பாதான் அவ வாயையும் கட்டியிருப்பாரு. தூக்கிட்டு வந்தாராம், பெரிய வீரரு!” துண்டைப் பைக்குள் திணித்தாள், வெளியே எடுத்தாள். அவருக்கும் ஆத்திரமாக வந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. காட்ட வேண்டிய இரண்டு பேரும் இல்லை.

“அமைதியா இரும்மா, இந்த நேரத்துல கத்தக்கூடாது” என்றார்.

அவள் சட்டென்று நிறுத்தினாள். தன் மடியைப் பார்த்தாள்.

“டேய், உன்னை நீட்டுனப்ப அவ கையைப் பின்னால கட்டுனால்ல. அதுக்கு முன்னால அந்தக் கை நடுங்குச்சுடா. நான் பாத்தேன். திமிருன்னு நெனச்சேன்.”

அவர் பையை ஓரமாக நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பொண்ணு செத்த மடிடா அது. அதுலயே உன்னைக் கொண்டுபோய் வச்சேன். வாங்கிக்கலன்னு சண்டை வேற.” அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “அவ செத்தன்னைக்கு எட்டிப்பாக்கலையேடா நான்.”